சாகச ஸ்கூட்டர்: சக்கரத்துக்கு எவ்வளவு, கோலத்துக்கு எவ்வளவு?

டிவிஎஸ் எக்ஸ்எல் 100 மொபெட்டில் இருப்பது 2.50–16 அளவு டயர். பதினாறு அங்குல ரிம்மோடு டயரின் உயரத்தை மேலும் கீழும் சேர்த்துக் கூட்டினால் சக்கரத்தின் மொத்த விட்டம் ஏறத்தாழ 533 மில்லிமீட்டர் வரும். தென்கிழக்கு ஆசியாவில் சாகச ஸ்கூட்டர் என்ற வகைக்கே அடையாளமாகிவிட்ட ஹோண்டா ஏடிவி 160இன் முன் டயர் 110/80–14. அதையும் இதே கணக்கில் போட்டால் 532. நெல் மூட்டையும் புல்லுக்கட்டும் ஏற்றிக்கொண்டு வரப்போரமாகப் போகிற வண்டிக்கும், உயர்ந்த விண்ட்ஷீல்டும் தடித்த டயருமாக விளம்பரத்தில் மலையேறுகிற வண்டிக்கும் முன்சக்கரத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

ஏடிவியைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. மேடுபள்ளத்தில் ஓட வேண்டிய சின்ன வண்டிக்கு எவ்வளவு பெரிய சக்கரம் வேண்டும் என்ற கேள்விக்கு, நாற்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு நாட்டுப் பொறியாளர்கள் ஏறக்குறைய ஒரே விடையைக் கண்டிருக்கிறார்கள். அந்த விடை சரியானது. சாகச ஸ்கூட்டர் என்ற பெயரில் விற்கப்படும் வண்டிகளில் காசு கொடுத்து வாங்கத் தகுந்தது பெரும்பாலும் அந்தச் சக்கரம்தான் என்பது என் எண்ணம். மற்றவற்றில் பாதி கோலம். மீதிப் பாதிக்கு நாம் வேறொன்றை விட்டுக்கொடுக்கிறோம். அது என்ன என்பதை விலைப்பட்டியலில் யாரும் எழுதுவதில்லை.

இந்த வகையின் கதை மிலானில் தொடங்குகிறது. 2015இல் அங்கு நடந்த இருசக்கர வண்டிக் கண்காட்சியில் ஹோண்டா ‘சிட்டி அட்வென்சர்’ என்றொரு மாதிரியை நிறுத்தி வைத்தது. மறு ஆண்டே அது எக்ஸ்-ஏடிவி என்ற பெயரில் விற்பனை வண்டியாக மேடை ஏறியது. 745 சிசி, இரட்டை சிலிண்டர், டூயல் கிளட்ச் கியர்பெட்டி, முன்னால் 17 அங்குலமும் பின்னால் 15 அங்குலமுமாக ஸ்போக் சக்கரங்கள், 230 கிலோவுக்கு மேல் எடை. பார்வைக்கு ஸ்கூட்டர், உள்ளே மோட்டார் சைக்கிள்: எஞ்சின் சட்டத்தோடு பிணைந்திருக்கிறது, பின்சக்கரத்துக்குச் செயின் போகிறது. இத்தாலிக்காரர்கள் இதைக் கொண்டாடினார்கள். அங்கே அதிகம் விற்கும் பெரிய வண்டிகளின் வரிசையில் அது இடம்பிடித்தது. 2025 மே மாதம் இந்தியாவுக்கும் வந்தது, ஷோரூம் விலை 11.90 லட்சம் ரூபாய். அந்த விலையில் இரண்டாவது கார் வாங்கலாம் என்பதால் நம் கேள்விக்கு அதை இதோடு விட்டுவிடலாம்.

உண்மையான திருப்பம் இந்தோனேசியாவில் நடந்தது. 2019 ஜூலையில் ஹோண்டா அங்கே ஏடிவி 150ஐ இறக்கியது. கியர் இல்லாத ஸ்கூட்டர்தான் அந்த நாட்டின் அன்றாட வண்டி. குடும்பம், கடை, கல்லூரி, ஞாயிற்றுக்கிழமை மலைப்பயணம் எல்லாம் அதிலேயே. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பிசிஎக்ஸ் ஸ்கூட்டரின் எஞ்சினை எடுத்து, ஷாக்குகளை நீளமாக்கி, டயரின் பக்கச்சுவரை உயர்த்தி, ஹேண்டில்பாரை அகலமாக்கினார்கள். 2022இல் அது 156.9 சிசி ஏடிவி 160 ஆனது. பிசிஎக்ஸ் 160இன் தரை இடைவெளி 135 மில்லிமீட்டர், ஏடிவி 160க்கு 165. முப்பது மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ இரண்டு விரல் அகலம். கேட்க அற்பம். ஆனால் வேகத்தடையில் வண்டியின் அடிவயிறு உரசுகிற சத்தத்துக்கும் உரசாமல் தாண்டுவதற்கும் இடையே இருப்பது பெரும்பாலும் அந்த இரண்டு விரல்தான்.

பிறகு எல்லாரும் வந்தார்கள். ஏப்ரிலியா எஸ்ஆர் ஜிடி, பிஜோவின் எக்ஸ்பி 400, தைவானின் கிம்கோ டிடிஎக்ஸ் 360 என்று பட்டியல் நீளும். ஹோண்டாவே நடுவில் ஏடிவி 350 என்று ஒன்றை வைத்தது. இந்தியாவில் இந்த வகைக்கு மிக நெருக்கமாக வந்தது ஹீரோவின் ஜூம் 160. 2023இல் மிலானில் காட்டி, 2025 ஜனவரியில் டெல்லி கண்காட்சியில் 1.48 லட்சம் ரூபாய் ஷோரூம் விலை அறிவித்தார்கள். 156 சிசி, தண்ணீர்க் குளிர்ச்சி, முன்னும் பின்னும் 14 அங்குலச் சக்கரம், கட்டம் கட்டமாக வெட்டிய டயர், சாவி செருகத் தேவையில்லாத பூட்டு. எடை 140 கிலோவை ஒட்டியது. நம் தெருக்களில் ஓடும் வழக்கமான 110, 125 சிசி ஸ்கூட்டர்களைவிட முப்பது கிலோவுக்கு மேல் கூடுதல்.

இந்த வகை நமக்குத் தேவையா என்று கேட்பவர்கள் முதலில் தேடுவது தரை இடைவெளியை. அங்கேதான் முதல் ஏமாற்றம். ஜூம் 160இன் தரை இடைவெளி 155 மில்லிமீட்டர். வீட்டுக்கு வீடு நிற்கும் சுஸுகி ஆக்சஸ் 125க்கு 160. ‘சாகசம்’ என்று பெயர் வைத்த வண்டி, காய்கறி வாங்கப் போகும் வண்டியைவிட ஐந்து மில்லிமீட்டர் தாழ்ந்து நிற்கிறது. மண்பாதைக்கென்றே செய்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி மோட்டார் சைக்கிளுக்கு 220. காகிதத்தில் உள்ள இந்த எண்கள் ஆள் ஏறாத வண்டிக்கு அளந்தவை. இரண்டு பேர் உட்கார்ந்து, டிக்கியில் சாமானும் இருந்தால் பின் ஷாக் இறங்கி இடைவெளி இன்னும் குறையும். வேகத்தடைக்கும் ஓர் அளவு உண்டு. இந்திய சாலைக் காங்கிரஸ் விதி வட்டமான வேகத்தடைக்கு 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் சொல்கிறது. அப்படிப் போட்டால் எந்த ஸ்கூட்டரும் மெதுவாக ஏறி இறங்கிவிடும். ஊருக்குள் போடப்படுவதோ ஒரு முழ அகலத்தில் ஜல்லியும் தாரும் குவித்த வரப்பு. அதைப் பார்த்து வண்டி வாங்க வேண்டிய நிலையில் நாம் இருக்கிறோம்.

சரி, தரை இடைவெளியில் பெரிய லாபமில்லை. சக்கரத்தில் லாபம் உண்டா? இதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். சாலையில் 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு குழி. அதன் மேல் போகும்போது சக்கரம் எவ்வளவு ஆழம் இறங்கும்? டயர் நசுங்குவதையும் வேகத்தையும் தள்ளிவைத்து, வட்டத்தின் வடிவத்தை மட்டும் வைத்துக் கணக்கிடுவோம். ஆக்டிவா 6ஜியின் பின்சக்கரம் 10 அங்குலம், டயரோடு சேர்த்து விட்டம் 434 மில்லிமீட்டர். அது ஏறத்தாழ 60 மில்லிமீட்டர் இறங்கும். ஜூம் 160இன் முன்சக்கரம், விட்டம் 524; ஏறத்தாழ 47 இறங்கும். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனின் 21 அங்குல முன்சக்கரம் 34தான் இறங்கும்.

அறுபதுக்கும் நாற்பத்தேழுக்கும் இடையே பதின்மூன்று மில்லிமீட்டர். ஒரு குழிக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் மழை முடிந்த மார்கழியில் தாம்பரத்திலிருந்து கிண்டி வரை போகிறவர் ஒரு வேளைக்கு எத்தனை குழி தாண்டுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். இறங்கும் ஆழம் மட்டுமல்ல, எதிர் விளிம்பில் மோதி ஏறும் கோணமும் பெரிய சக்கரத்துக்குச் சாய்வாகும். முதுகு நோகாமல் வீடு சேர்வது, ரிம் வளையாமல் இருப்பது, இருட்டில் தெரியாமல் குழியில் விட்டாலும் ஹேண்டில் கையைவிட்டுத் திமிறாமல் இருப்பது எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும். பத்து அங்குலத்திலிருந்து பன்னிரண்டுக்கு மாறியபோதே நம் ஸ்கூட்டர்கள் நேர்ப்பட்டன. பதினான்கு அடுத்த படி. செம்மண் பாதையில் மாட்டுவண்டித் தடத்துக்குள் விழுந்து எழும்போதும், உடைத்த ஜல்லி பரப்பி ரோலர் ஓட்டாமல் விட்ட சாலையிலும் இந்தப் படி நன்றாகவே தெரியும். கட்டம் வெட்டிய டயர் இதில் அரை உதவி. சேற்றில் கொஞ்சம் பிடிக்கும். நனைந்த தாரில் வழக்கமான டயரே மேல்.

சக்கரம் பெரிதானாலும் ஸ்கூட்டரின் பின்பகுதி ஏன் குதிக்கிறது என்ற கேள்வி மிஞ்சும். காரணம் அடியில் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் எஞ்சின் சட்டத்தில் தொங்கும். பின்னால் மேலும் கீழும் ஆடுவது சக்கரமும் அதைப் பிடித்திருக்கும் கையும்தான். ஸ்கூட்டரில் எஞ்சின், பெல்ட் பெட்டி, சக்கரம் மூன்றும் ஒரே துண்டு. அந்தத் துண்டு முழுதும் ஷாக்கின் கீழே சேர்ந்து ஆடுகிறது. கல்லில் சக்கரம் ஏறும்போது எஞ்சினையும் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். அந்த எடை கீழே வரும்போது இடுப்பில் ‘டங்’ என்று இறங்கும். ஏடிவி 160இல் பின்னால் தனிக் குடுவை வைத்த ஷோவா ஷாக்குகளைப் போட்டதன் நோக்கம் இந்த எடையை அடக்குவது. நன்றாகவே அடக்குகின்றன. ஆனால் பௌதிகத்தை ஏமாற்ற முடியாது. எக்ஸ்-ஏடிவி எஞ்சினைச் சட்டத்தில் கட்டிச் செயினுக்குப் போனதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

இனி இந்த வகையின் உண்மையான எல்லைக்கு வருவோம். அது எஞ்சினில் இல்லை, இடப்பக்க மூடிக்குள் இருக்கிறது.

எந்த மெக்கானிக் கடையிலாவது ஸ்கூட்டரின் பெல்ட் பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். முன்னால் ஒரு புல்லி, அதற்குள் கொட்டைப்பாக்கு அளவில் ஆறு உருளைகள். பின்னால் இன்னொரு புல்லி, அதன் வெளிப்பக்கம் கிளட்ச். எஞ்சின் வேகமெடுத்தால் உருளைகள் வெளியே வீசப்பட்டுப் புல்லியை நெருக்கும், பெல்ட் மேலே ஏறும், கியர் மாற்றிய பலன் கிடைக்கும். இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் உருளைகள் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கும். பெட்டி முழுக்கக் கரிபோல் மென்தூள்: பெல்ட்டும் கிளட்ச் கட்டையும் தேய்ந்த பொடி. மண்பாதையில் ஓடிய வண்டியாக இருந்தால் அந்தக் கறுப்பில் சிவப்பும் கலந்திருக்கும். பெல்ட்டைக் குளிர்விக்க வெளிக்காற்றை இழுக்கும் வழியில் ஒரு ஸ்பாஞ்ச் வடிகட்டிதான் காவல். அதைக் கழற்றித் தட்டச் சொல்லிக் கேட்கிற வாடிக்கையாளர் அபூர்வம்.

இந்த ஏற்பாடு நகரத்துக்கு அற்புதம். சிக்னலில் கை நோகாது, கால் நோகாது. மலையில்தான் அதன் குணம் மாறும். எஞ்சின் வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால் கிளட்ச் தானாக விட்டுவிடும். அதற்குப் பிறகு வண்டி சைக்கிள் மாதிரி உருளும். கொல்லிமலையில் சோளக்காட்டிலிருந்து காரவள்ளிக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வேகம் பத்து, பதினைந்துக்கு வரும். கியர் வண்டிக்காரர் இரண்டாவது கியரில் போட்டு எஞ்சினையே பிரேக்காக்கிக்கொள்வார். ஸ்கூட்டர்க்காரருக்கு அந்த வசதி மிகவும் கொஞ்சம். முழுப் பாரமும் டிஸ்க், டிரம் தலையில். இறங்க இறங்க இடக்கை பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வருபவர் பாதி மலையிலேயே டிரம் தீய்ந்த வாடையை முகர்வார். அதற்கப்புறம் லீவர் அழுத்த அழுத்த உள்ளே போகும், வண்டி நிற்காது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதை இன்னும் செங்குத்து, முப்பத்தாறு வளைவுகள். கீழ்க்கியரில் போங்கள் என்று அங்கே நிறுத்தியிருக்கும் எச்சரிக்கைப் பலகையை ஸ்கூட்டர்க்காரர் படிக்கலாம், பின்பற்ற முடியாது.

வழி இல்லாமல் இல்லை. சரிவு தொடங்கும் முன்பே லேசாகத் திருகிக் கிளட்ச்சைப் பிடிக்க வைத்துவிட்டால், வேகம் மிகவும் விழாதவரை கொஞ்சம் எஞ்சின் இழுப்பு கிடைக்கும். இரண்டு பிரேக்கையும் மாற்றி மாற்றி, அழுத்தி விட வேண்டும், உரசவிட்டுக்கொண்டே வரக்கூடாது. பாதி மலையில் நிறுத்தி டீ குடிப்பது பயணக் கலை மட்டுமல்ல, பிரேக்குக்கும் மருந்து. ஜூம் 160இல் முன்னால் மட்டும் ஏபிஎஸ், பின்னால் டிரம் என்று கொடுத்திருப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. சாகசம் என்று பெயர் சூட்டிய வண்டிக்குப் பின்னாலும் ஒரு டிஸ்க் வைத்திருக்கலாம்.

ஏறுவதிலும் ஒரு சங்கடம். செங்குத்தான கல்பாதையில் நடைவேகத்தில் ஏறும்போது கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் அரைகுறையாக வழுக்கிக்கொண்டே இருக்கும். மோட்டார் சைக்கிளில் அரைக் கிளட்ச்சைக் கையால் அளந்து விடலாம். இங்கே அது தானாக நடப்பது, நம் கட்டுப்பாட்டில் இல்லை. பத்து நிமிடம் அப்படி ஏறினால் பெல்ட் பெட்டியிலிருந்து ரப்பர் கருகும் வாடை வரும். தவிர ஸ்கூட்டரில் முழங்காலால் அணைத்துப் பிடிக்க டேங்க் கிடையாது. எழுந்து நின்று ஓட்டினால் வண்டி கால்களுக்கு இடையே நெளியும். முன்சக்கரத்தின் மேல் எடை குறைவு என்பதால் மணலில் அது தன்னிஷ்டத்துக்குப் போகும். ‘லேசான’ மண்பாதை என்ற சொல்லில் ‘லேசான’ என்பதை அழுத்திப் படிக்க வேண்டியது இதனால்தான். இறுகிய செம்மண், ஏரிக்கரை, கப்பி ரோடு, தோட்டத்துப் பாதை வரை சரி. ஆற்றுமணலும் பாறைப்படியும் இதற்கான இடமல்ல.

தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சென்னைக்காரர்கள் இந்த வகையை விசாரிப்பதில் பாதிக் காரணம் அதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நின்ற கோலம் யாருக்கும் மறக்கவில்லை. உயரமான சக்கரம் இருந்தால் தண்ணீரில் போய்விடலாம் என்பது பாதி உண்மை. 14 அங்குலச் சக்கரத்தின் அச்சு தரையிலிருந்து 26 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் அதைத் தொட்டுவிட்டால் பெல்ட் பெட்டிக்குள் ஈரம் புக வழி தேடத் தொடங்கும். புகுந்துவிட்டால் பெல்ட் வழுக்கும்: எஞ்சின் அலறும், வண்டி நகராது. அலை அடித்து உள்ளே தள்ளுவது பக்கத்தில் போகும் பேருந்துதான் என்பதால் அளவுகோலை நம்பிப் பயனில்லை. கணுக்கால் வரை என்றால் போகலாம். முழங்காலைத் தொட்டால் எந்தப் பெயர் ஒட்டிய ஸ்கூட்டராக இருந்தாலும் தள்ளிக்கொண்டு போவதே செலவு குறைவு.

இவை எல்லாம் வண்டியின் குணங்கள். இந்த வகை நம்மிடமிருந்து வாங்கிக்கொள்வது ஃபுட்போர்டை.

ஏடிவி, ஜூம் 160, யமஹா ஏராக்ஸ் எல்லாவற்றிலும் நடுவே ஒரு முதுகெலும்பு உயர்ந்து நிற்கிறது. டேங்க் பெரும்பாலும் அதற்குள். சட்டம் உறுதிப்படுகிறது, வளைவில் வண்டி நெளியாமல் நிற்கிறது. சரிதான். ஆனால் சமதளமான ஃபுட்போர்டு போய்விட்டது. நம் ஊரில் ஸ்கூட்டர் வீட்டு வண்டியானதற்கு எஞ்சின் காரணமில்லை, அந்தத் தட்டுதான் காரணம். சிலிண்டர், இருபது லிட்டர் தண்ணீர் கேன், இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை, பள்ளிப்பை, முன்னால் நிற்கும் குழந்தை (அது ஆபத்து, ஆனாலும் நடக்கிறது) எல்லாம் அங்கேதான். சேலை கட்டியவர் காலைத் தூக்கிப் போடாமல் ஏறி உட்கார முடிந்ததும் அதனால்தான். 2018இல் தமிழக அரசு தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதியை, 25,000 ரூபாய் வரை, மானியமாகக் கொடுத்தது. அதற்கு விதித்த வரம்பு கியர் இல்லாத, 125 சிசிக்கு மேற்படாத வண்டி. யாருக்கு எது பயன்படும் என்பதை அரசாங்க விதி அளவுக்கு விளம்பரங்கள் புரிந்துகொள்ளவில்லை என்று தோன்றுகிறது. 156 சிசி, 787 மில்லிமீட்டர் இருக்கை உயரம், நடுவில் முதுகெலும்பு, 140 கிலோ: இது வீட்டில் ஒருவர் மட்டும் ஓட்டும் வண்டி. மனைவியும் மகளும் அப்பாவும் மாற்றி மாற்றி எடுத்துப் போகும் வண்டி அல்ல.

எக்ஸ்எல்லின் சாமர்த்தியம் இங்கேதான் புரியும். 1980இல் ஓசூரில் பிறந்த டிவிஎஸ் 50இன் வழிவந்த வண்டி அது. காலடியில் மூட்டை வைக்க இடம், கழற்றிவிட்டால் சாமான் மேடையாகும் பின்சீட்டு, 16 அங்குல ஸ்போக் சக்கரம், தொண்ணூறு கிலோவை எட்டாத எடை. வரப்பில் வழுக்கினால் காலை ஊன்றித் தூக்கிக்கொள்ளலாம். 140 கிலோவைத் தூக்க இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். எக்ஸ்எல்லின் குறை வேகமும் பிரேக்கும். டிரம் பிரேக்கை நம்பி நெடுஞ்சாலையில் லாரிக்கு முன்னால் போக மனம் வராது.

பழைய பஜாஜ் செட்டக்கும் இந்தப் பேச்சில் நினைவுக்கு வருகிறது. சக்கரம் பத்து அங்குலம்தான், எஞ்சின் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு வண்டியை இழுக்கும். ஆனால் கையில் கியர் இருந்தது, மலையில் இறங்கும்போது முதல் கியரில் போடலாம். முதுகில் ஸ்டெப்னி இருந்தது; பஞ்சரானால் நான்கைந்து நட்டைக் கழற்றி அரைமணிக்குள் சக்கரத்தையே மாற்றிவிட்டுப் போகலாம். மலைப்பாதைக்கும் ஆளில்லாக் காட்டுப்பாதைக்கும் மிகவும் வேண்டிய இந்த இரண்டும் பெல்ட்டில் ஓடும் இன்றைய சாகச ஸ்கூட்டர் எதிலும் கிடையாது. டியூப்லெஸ் டயரும் கையடக்கப் பம்பும் ஸ்டெப்னியின் இடத்தை ஓரளவு நிரப்பும். எஞ்சின் இழுப்பின் இடத்தை நிரப்ப பெல்ட்டில் ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டரில் எதுவும் வரவில்லை.

மின்சார ஸ்கூட்டரில் வந்திருக்கிறது. அங்கே உருளையும் கிடையாது, தானே விட்டுவிடும் கிளட்ச்சும் கிடையாது. மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுவதே இல்லை. ஆக்சிலேட்டரை விட்டால் மோட்டார் மின்னாக்கியாக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கும், பேட்டரிக்கும் கொஞ்சம் ஏறும். நடைவேகத்தில் கல்பாதை ஏறுவதற்கு வழுக்க எதுவுமில்லை. பெங்களூருவின் ரிவர் நிறுவனம் 2023இல் கொண்டுவந்த இண்டி, 14 அங்குலச் சக்கரங்கள், 165 மில்லிமீட்டர் தரை இடைவெளி, பக்கவாட்டில் பெட்டி மாட்டும் கம்பிகள், இவற்றோடு சமதளமான ஃபுட்போர்டையும் காப்பாற்றியிருக்கிறது. நிறுவனம் அதை ஸ்கூட்டர்களின் எஸ்யுவி என்று விளம்பரம் செய்தது. அந்த மிகைப்பேச்சைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், நம் தேவைக்கு ஏடிவியைவிடக் கிட்டத்தில் நிற்பது அதுதான். ஓசூரின் டிவிஎஸ் 2025 ஆகஸ்டில் 99,900 ரூபாய்க்கு அறிவித்த ஆர்பிட்டரில் முன்சக்கரம் மட்டும் 14 அங்குலம். முக்கால் கிணறு தாண்டியிருக்கிறார்கள்.

மின்வண்டியிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. மலை உச்சி விடுதியில் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, காலையில் நூறு சதவீதத்தோடு இறங்கத் தொடங்கினால் பேட்டரியில் இடமில்லாததால் அந்த இழுப்பு கிடைக்காது. எண்பதில் நிறுத்திவிட்டு இறங்குவது புத்திசாலித்தனம். மோட்டாரைச் சக்கரத்துக்குள்ளேயே வைத்த மாதிரிகளில் மேலே சொன்ன பின்பாரத் தொல்லை வேறு வடிவில் திரும்பும். உட்கிராமத்தில் சார்ஜ் தீர்ந்தால் பெட்ரோல் பாட்டிலோடு வந்து உதவ யாராலும் முடியாது.

எங்கே ஓட்டுவது என்ற கேள்வியையும் விட்டுவிட முடியாது. விளம்பரப் படங்களில் இந்த வண்டிகள் காட்டுக்குள்ளும் கடற்கரை மணலிலும் பாய்கின்றன. காப்புக்காட்டுப் பாதையில் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். ஜனவரி முதல் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் பருவம். மணலில் டயர்த் தடம் போடுவதைவிட மோசமான பொழுதுபோக்கு வேறில்லை. நமக்கு அனுமதி உள்ள மண்பாதை ஏராளம்: ஏரிக்கரைகள், கிராமங்களை இணைக்கும் வண்டிப்பாதைகள், இன்னும் தார் காணாத புறநகர் மனைப்பிரிவுத் தெருக்கள். சொல்லப்போனால் இந்த வகை வண்டி வாங்குகிற பலருக்கு மண்பாதை வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடாத தெருவைவிடப் பொருத்தமான சோதனைக்களம் ஜாவாவிலும் கிடைக்காது.

ஆக, யார் வாங்கலாம்? தனி ஆளாக, தினமும் நீண்ட தூரம் மோசமான சாலையில் போய்வருகிறவர், கியர் போட மனமில்லாதவர், மாதத்துக்கு ஒருமுறை ஏலகிரியோ ஜவ்வாது மலையோ போகிறவர் என்றால் 14 அங்குல ஸ்கூட்டருக்குக் கூடுதல் பணம் தகும். உண்மையிலேயே மண்ணில் ஓட்ட ஆசை என்றால், ஏறக்குறைய அதே விலைக்கு எக்ஸ்பல்ஸ் கிடைக்கிறது. 190 மில்லிமீட்டர் முன் ஷாக்கும் 21 அங்குலச் சக்கரமும் உள்ள வண்டியோடு எந்த ஸ்கூட்டரும் மண்ணில் போட்டிபோட முடியாது. கிளட்ச் பிடிக்கத் தயங்குவதுதான் தடை என்றால் அதைப் பழகிவிடலாம். வீட்டுக்கு ஒரே வண்டி என்றால் 12 அங்குல ஃபுட்போர்டு ஸ்கூட்டரை வாங்கி, மிஞ்சும் பணத்தில் நல்ல டயரும் நல்ல ஹெல்மெட்டும் வாங்குவதே கணக்குக்கு ஒத்துவரும்.

வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் இரண்டு விஷயங்களை விசாரிக்க வேண்டும். அந்த அளவு டயர் உங்கள் ஊர்க் கடையில் இருக்கிறதா என்பது முதலாவது. பத்தும் பன்னிரண்டும் டீக்கடைப் பக்கத்துப் பஞ்சர் கடையிலும் தொங்கும். 140/60–14 கேட்டால் பல ஊர்களில் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கும். இரண்டாவது, டெஸ்ட் டிரைவ். ஷோரூம் ஆள் எப்போதும் எதிரே இருக்கும் நல்ல தார்ச்சாலையில் ஒரு சுற்றுப் போகச் சொல்வார். வீட்டில் பின்னால் உட்காரப் போகிறவரை அழைத்துக்கொண்டு போய், அவரையும் ஏற்றி, பக்கத்தில் தோண்டிப்போட்ட தெரு எதுவோ அதில் விட்டுப் பார்க்க வேண்டும். மாட்டேன் என்று சொல்லும் ஷோரூமாக இருந்தால் முன்பணம் கட்டாமல் அடுத்த கடைக்குப் போகலாம்.